பித்தளைக் குழலில் எழுபது

சனிக்கிழமை மதியம், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் குனிந்து பூட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது இரண்டு ஜோடிக் கால்கள் வந்து வாசலில் நின்றன. தேய்ந்துபோன ரப்பர் செருப்பு அத்தானுடையது. பக்கத்தில் இருந்த கனமான கறுப்பு ஷூ அக்கா மகளுடையது. அவள் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள் என்று சட்டையின் கசங்கலைப் பார்த்ததும் தெரிந்தது.

"பூட்டாதீங்க மாமா. உங்க தராசு வேணும்."

ஷட்டரைத் தூக்கினேன். அத்தான் எப்போதும்போல இடது தோளை முன்னால் விட்டு உள்ளே வந்தார். வலது காது கேட்காமல் போன நாளிலிருந்து எந்த அறைக்குள்ளும் அவர் அப்படித்தான் நுழைகிறார். புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏதோ கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறார் என்று நினைப்பார்கள். கோபம் என்கிற சாமானை அந்த மனிதர் வாழ்நாளில் வாங்கிவைத்ததே இல்லை.

நான் மருந்துக்கடைக்காரன். முப்பத்தாறு வருஷமாக இதே கவுண்டர், இதே நாற்காலி. முன்பெல்லாம் டாக்டர் எழுதிக்கொடுக்கும் பொடிகளை நாமே நிறுத்துக் கலந்து காகிதத்தில் மடித்துக் கொடுக்க வேண்டும். அதற்காக வாங்கிய சின்னத் தராசு இன்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பக்கத்தில் மரப்பெட்டியில் நகத்தளவு எடைக்கற்கள். கிரெயின் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. ஒரு கிராமுக்குள் பதினைந்து கிரெயின் அடங்கும். அந்தக் கற்களை நான் விரலால்கூடத் தொடமாட்டேன், இடுக்கியால்தான் எடுப்பேன். விரலில் இருக்கும் எண்ணெய் எடையைக் கூட்டிவிடும் இல்லையா? இதற்காகத்தான் ஊர் எனக்கு மில்லிகிராம் என்று பெயர் வைத்தது. எனக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அக்கா மகள் தோள்பையிலிருந்து ஒரு புது வெடிமருந்து டப்பாவை எடுத்துக் கவுண்டரில் வைத்தாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணி முடிச்சை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, மெதுவாகப் பிரித்தார். உள்ளே அந்தப் பித்தளைக் குழல். விரல் நீளம், கட்டைவிரல் பருமன், ஒரு பக்கம் அடைத்தது. வயிற்றில் ஆணி வைத்துக் கீறிய எண்: எழுபது. பத்தொன்பது வருஷமாக நான் அதைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு க்ளப்புல எனக்கு மொத நாள் மாமா. அப்பா துப்பாக்கிக்குப் புது முனை போட்டு, குழாய எல்லாம் சோதிச்சுக் குடுத்துட்டாங்க. மருந்து மட்டும்தான் பாக்கி. இந்தக் குழல நம்பி அப்பா ஒரு தடவ பட்டது போதும்ல? அதான் எடை போட்டு எடுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். எழுபது கிரெயின், பத்து குப்பி. நீங்க போட்டா கண்ண மூடிக்கிட்டு சுடலாம்."

கண்ணை மூடிக்கொண்டு. நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இன்றைக்கும் ஒரு நாற்றம்தான் முதலில் வரும். வெடித்த கருமருந்தின் நாற்றம். அழுகிய முட்டையும் நமுத்த தீக்குச்சியும் சேர்ந்தது போல இருக்கும். செங்கல் களத்துக்கு அப்பால் ஒரு மண்மேடு, தகரக் கூரை, ஐந்து மேசை. அதுதான் க்ளப். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். பல் டாக்டர்தான் செயலாளர். எல்லாரிடமும் இருந்தவை வாய்வழித் துப்பாக்கிகள். குழாயின் வாயில் மருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கி, பின்னால் இருக்கும் முனையில் ஒரு செம்புத் தொப்பியை மாட்டிச் சுட வேண்டும். ஒரு குண்டுக்கு இரண்டு நிமிஷம் பிடிக்கும். அவசரக்காரனுக்கு அங்கே வேலை இல்லை.

சுட்டவுடன் வெள்ளைப் புகை எழுந்து எதிரில் எல்லாவற்றையும் மறைத்துவிடும். குறி பட்டதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்போம். அத்தான் மட்டும் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வார். "இந்தப் பொகை கலையற வரைக்கும் நான்தான் மாப்ளே சாம்பியன்" என்பார். புகை கலையும். குண்டு அநேகமாக அட்டையின் ஓரத்தில் எங்காவது இருக்கும். அப்புறம் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ. கறுத்த விரல்களால் பிடித்துக் குடித்த அந்த டீயைப் போல ஒன்றை நான் பிறகு எங்கேயும் குடித்ததில்லை. சர்க்கரை அதிகம் போட்ட, ஆறிப்போன, கேவலமான டீதான் அது.

வீட்டுக்கு வந்ததும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரைத் துப்பாக்கிக் குழாயில் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் துருவேறிவிடும். அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டு கத்துவாள்: "துப்பாக்கிக்கு வெந்நீர், கட்டினவளுக்குப் பச்சத்தண்ணி. இந்த வீட்டுல நான் ஒரு துப்பாக்கியாப் பொறந்திருக்கலாம்." அத்தான் குனிந்த தலை நிமிராமல், "நீ சத்தம் மட்டும்தான் அது மாதிரி" என்பார். மூன்று வயதுக் குழந்தைகூட அர்த்தம் புரியாமலே சிரிக்கும். அந்தக் குழந்தைதான் இப்போது கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு எதிரில் நிற்கிறது.

எனக்கும் அத்தானுக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை. அவர் மருந்தை அந்தக் குழலால் அளப்பார். அவரே ஒரு பித்தளைக் குழாயை அறுத்துச் செய்தது. செய்த அன்று என் தராசில் நிறுத்துப் பார்த்தோம். கருமருந்து சரியாக எழுபது கிரெயின் பிடித்தது. அதனால் எழுபது என்று கீறினார். குழலை நிரப்பி, நகத்தால் மூன்று தட்டு தட்டி, வாயை ஒரு அட்டையால் வழித்துவிடுவார். "ரெண்டு தட்டுனா உள்ள பொந்து நிக்கும். நாலு தட்டுனா நெருக்கி உக்காந்துடும். மூணு, அவ்வளவுதான்." தட்டும்போது குழலைக் காதருகே வைத்துக்கொள்வார். தொழில் தையல் மெஷின் ரிப்பேர். மெஷினை ஓடவிட்டு, அதன் தலையில் வலது காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். உலகத்தில் எல்லாமே காதுக்குள் வந்து உண்மையைச் சொல்லிவிடும் என்று நம்பிக்கை அவருக்கு. எனக்கோ தராசு முள் நடுவில் நின்றால்தான் உண்மை.

பிறகு பழைய கருமருந்து கிடைக்காமல் போய், செயலாளர் புதுமருந்து வாங்கிவந்தார். சாம்பல் நிறம், உப்பலாக, கையில் எடுத்தால் எடையே தெரியாது. அத்தான் அதையும் அதே குழலில் அதே மூன்று தட்டுத் தட்டிப் போட்டார். நான் சும்மா இருக்கக் கூடாதா? ஒரு குழல் மருந்தை நிறுத்துப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. எழுபது இருக்க வேண்டிய இடத்தில் ஐம்பத்தொன்று! ஓடிப்போய் அத்தானிடம் சொன்னேன். "எடை கொறஞ்சா என்ன மாப்ளே, எடம் அதேதானே? மருந்துக்கு எடத்தப் பாரு" என்றார். பல் டாக்டர், "மில்லிகிராம் தராசோட குடித்தனம் நடத்தறவன், அவன்கிட்ட போய் எடத்தப் பத்தி பேசுறியே" என்றார். தகரக் கூரை அதிரச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். எனக்கு முகம் சுண்டிப்போனது.

அடுத்த வாரம் போட்டி. அத்தான் பத்துக் குப்பிகளில் மருந்தை அளந்து போட்டு, ஒரு பெட்டியில் அடுக்கி என்னிடம் கொடுத்திருந்தார். அடுப்பு எரிகிற வீட்டில் மருந்து தங்கக் கூடாது என்று அக்கா சட்டம் போட்டிருந்ததால் குப்பிப் பெட்டியும் மருந்து டப்பாவும் என் கடை அலமாரியில்தான் இருக்கும். போட்டியன்று காலையில் கடையைத் திறந்து, பத்துக் குப்பிகளையும் கொட்டி, ஒவ்வொன்றாக எடைபோட்டு, குறைந்ததை டப்பாவிலிருந்து சேர்த்து, எழுபது எழுபதாகத் திரும்ப நிரப்பினேன். அத்தான் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை பாதி. ஜெயித்த பிறகு எல்லார் முன்னாலும் "எடையா, எடமா?" என்று கேட்க வேண்டும் என்ற ஆசை மீதி. எந்தப் பாதி பெரியது என்று பத்தொன்பது வருஷமாக நிறுத்துப் பார்க்கிறேன், முள் நிற்கமாட்டேன் என்கிறது.

மேசையில் முதல் குப்பியை எடுத்த அத்தான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குப்பி நெறைஞ்சாப்பல இருக்கே மாப்ளே?"

"ஆட்டிக்கிட்டு வந்ததுல பொங்கியிருக்கும் அத்தான்."

ஆட்டினால் பொடி கீழே இறங்குமே தவிரப் பொங்காது. மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியாதா? தையல் மெஷின்காரருக்குக்கூடத் தெரியும். ஆனால் சொன்னது மில்லிகிராம், அதனால் நம்பினார். முதல் குண்டு சுட்டு, "இன்னிக்கு நல்லா ஒதைக்குது" என்று தோளைத் தேய்த்துக்கொண்டார். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தொப்பி மாட்டும் அந்த முனை பிய்த்துக்கொண்டு அவர் வலது காதை ஒட்டிப் பறந்தது.

எல்லாரும் அத்தானிடம் ஓடினார்கள். நான் குப்பிப் பெட்டியிடம் ஓடினேன். மீதி ஏழு குப்பிகளையும் திறந்து, மேசைக்கடியில் இருந்த வாளித் தண்ணீரில் கொட்டினேன். அப்புறம்தான் அத்தானின் தலையைப் பிடித்தேன். இதை நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் மற்றது அறியாமை, இது அறியாமை இல்லை. இதற்கு எனக்குப் பாராட்டு வேறு கிடைத்தது. "சமயோசிதமா மருந்தத் தண்ணில கொட்டிட்டான் பாரு" என்று பல் டாக்டர் என் முதுகில் தட்டினார்.

அன்று மாலைதான் புதுமருந்து டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். பழைய மருந்துக்குப் பயன்படுத்தும் அதே அளவுக்குழலால் மட்டும் அளக்கவும், எடை போடக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. குழலில் கீறிய எழுபது, மருந்து அடைக்கிற இடத்தின் கணக்கு. கருமருந்துக்கு அந்த இடமும் எடையும் ஒத்துப்போனது, அதை நான் எடை என்றே பிடித்துக்கொண்டேன். புதுமருந்தை எழுபது நிறுத்தால் அது கருமருந்தில் தொண்ணூற்றாறு கிரெயின் பிடிக்கிற இடத்தை அடைக்கும். அந்த வயசான துப்பாக்கி தாங்காது. வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "லேபிளைப் படிச்சுட்டு சாப்பிடுங்க" என்று சொல்லி வாழ்கிறவன் நான்.

செயலாளர் கவனக்குறைவு என்று எழுதினார். ஒரே குண்டுக்கு இரண்டு குப்பி ஊற்றியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அத்தானே ஒப்புக்கொண்டுவிட்டார்: "ஊத்தியிருப்பேன் போல. ஞாபகம் இல்ல." அதிலிருந்து அவருக்கு டபுள் என்று பெயர். முதலில் க்ளப்பில், அப்புறம் தெருவில். டபுள் மெஷின் கடை எங்கே என்று கேட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வழி காட்டும். மெஷினில் வைக்க இடது காதுதான் மிச்சம். அதற்கு அவர் ஸ்டூலை எதிர்ப்பக்கம் போட்டு, உடம்பை முறுக்கி உட்கார வேண்டியிருந்தது. கழுத்துவலிக்கு மாத்திரை என் கடையில்தான் வாங்குகிறார். நான் கணக்காக எண்ணிக் கொடுக்கிறேன்.

"மாமா, என்ன யோசனை?" அக்கா மகள் குழலில் டப்பாவிலிருந்து அதே சாம்பல் நிறப் புதுமருந்தை நிரப்பியிருந்தாள். தட்டவில்லை, வழிக்கவில்லை, குத்துமதிப்பாக நிரப்பியிருந்தாள். "முதல்ல இத போடுங்க, எவ்வளவு தப்புன்னு பாக்கலாம்."

"தராசு சரியில்லம்மா" என்றேன்.

"பச்சப்புள்ள மாதிரி பெட்டிக்குள்ள வச்சிருக்கீங்க, அது எப்படி சரியில்லாமப் போவும்?" அவளே பெட்டியைத் திறந்தாள். மருந்தைத் தட்டில் கொட்டினாள். நான் இடுக்கியால் கற்களை வைத்தேன். முள் ஆடி ஆடி நின்றது. ஐம்பதும் கொசுறும்.

"பாத்தீங்களா! எழுபதுன்னு கீறிட்டு ஐம்பதுதான் புடிக்குது. குழலே தப்பு!" அவள் குரலில் கண்டுபிடித்த சந்தோஷம். அச்சு அசல் என் குரல்.

அத்தான் குழலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தப்பாவா செஞ்சிருக்கேன்?" என்றார், யாரிடமும் இல்லாமல்.

"குழல் தப்பு இல்ல" என்றேன். டப்பாவைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினேன். "பின்னாடி படி. சத்தமாப் படி."

படித்தாள். இரண்டாவது வரியில் வேகம் குறைந்தது. எடைக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். கெட்டிக்காரி, ஒன்றரை வாக்கியத்தில் பிடித்துக்கொண்டாள். "அய்யோ" என்று டப்பாவிலிருந்து கையை எடுத்தாள். "அப்ப நான் எடை போட்டு எடுத்துட்டுப் போயிருந்தா?"

நான் இடுக்கியைத் துடைத்து மரப்பெட்டியில் வைத்தேன்.

"சரி, குழல்லயே அளந்துக்கறேன். ஆனா மாமா, அப்பாவும் குழல்லதானே அளந்தாரு? அப்புறம் ஏன் அப்படி ஆச்சு?"

"நான் ரெண்டு தடவ ஊத்திட்டேன்மா" என்றார் அத்தான். பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரல். "எத்தன தடவ சொல்றது. கவனம் வேற எங்கயோ இருந்திருக்கு. கைய நம்ப முடியாம போச்சு. அதான் நாளைக்கு நான் வரலங்கறேன். நான் பக்கத்துல நின்னா உனக்குத்தான் ஆபத்து."

"இப்படியேதான் சொல்லிட்டிருக்காரு மாமா. ஆறு வருஷம் கெஞ்சி இன்னிக்கு இங்க வரைக்கும் கூட்டியாந்திருக்கேன். நீங்களாவது சொல்லுங்க, நாளைக்கு வரச் சொல்லி."

நான் ஆயிரம் சாக்கு வைத்திருந்தேன். அவளுக்கு ஆபத்து நீங்கிவிட்டது. இனி குழலில் அளந்துகொள்வாள். வாயை மூடிக்கொண்டு ஷட்டரை இறக்கலாம். இந்த மனிதர் தன் கையையே நம்பாமல் இன்னும் இருபது வருஷம் இருந்துவிட்டுப் போகட்டும். அப்படித்தானே விட்டேன் இதுவரை?

அவர் தராசைப் பார்க்கத் திரும்பி நின்றதில், வலது காது என் பக்கம் இருந்தது.

"நான்தான் அத்தான்" என்றேன். "நான்தான் மாத்தி வச்சேன்."

அக்கா மகள் நிமிர்ந்தாள். அத்தான் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கவில்லை. கேட்காத காதாகப் பார்த்துத்தான் நான் சொல்லியிருக்கிறேன் என்பது சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வாய் அசைந்ததை மட்டும் தராசுப் பெட்டியின் கண்ணாடியில் பார்த்திருப்பார் போல. "என்ன மாப்ளே சொன்ன?"

ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. அக்கா மகள் என்னையே பார்த்தாள். பேருந்தில் படியில் நிற்கிறவன் இறங்குவானா ஏறுவானா என்று பார்க்கிற பார்வை. எழுந்தேன். கவுண்டர் பலகையைத் தூக்கினால்தான் வெளியே போக முடியும். அதன்மேல் இருமல் டானிக் பெட்டிகள். ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தேன். பலகையைத் தூக்கி, வெளியே வந்து, அத்தானைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய இடது பக்கம் நின்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். எழுபது எழுபதாக நிரப்பியதைச் சொன்னேன். வாளியையும் சொன்னேன். என் குரல் யாரோ மருந்துச் சீட்டு வாசிப்பது போல எனக்கே கேட்டது.

"பத்தொம்பது வருஷமா மாமா?" என்றாள் அக்கா மகள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

அத்தான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்து மறைந்த பிறகு கேட்டார்:

"குப்பி நெறைஞ்சுதான் இருந்துச்சு, இல்ல?"

"ஆமா அத்தான்."

"நெறைஞ்சாப்பல இருக்குன்னு நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

தலையை ஆட்டினார். ஒரு முறை, பிறகு இன்னொரு முறை. அவர் முகத்தில் நான் தேடியது என்ன என்று எனக்குத் தெரியும். அது அங்கே இருந்ததா என்று தெரியவில்லை. தட்டில் இருந்த மருந்தைக் காகிதத்தில் கொட்டி, காகிதத்தை மடித்து டப்பாவுக்குள் திருப்பிப் போட்டார். குழலை ஊதினார். மகளிடம் நீட்டினார். "ஊத்து. மெதுவா. வாய் வரைக்கும்."

அவள் ஊற்றினாள். அவர் கை கொஞ்சமும் ஆடவில்லை. குழலைத் தூக்கி இடது காதருகே கொண்டுபோனார். நான் அந்தப் பக்கம்தான் நின்றிருந்தேன். அவர் காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் அந்தப் பித்தளைக் குழல் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே மருந்து இறங்கும் சத்தம், மணல் சரிவதைப்போல, எனக்கே கேட்டது. இன்னொரு தட்டு. அக்கா மகள் என் மேசையிலிருந்து ஒரு மருந்துச் சீட்டு அட்டையை எடுத்து, வழித்துவிடத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அத்தான் மூன்றாவது தட்டுக்கு நகத்தை உயர்த்தினார்.